வாப்பாமார் பெற்ற வம்சம்

எங்கள் கல்முனைக்குடியில் வசதி வந்தவர்களுக்கெல்லாம் இப்போது ஒரு பூட்டன் தேவைப்படுகிறார். வீடு மாடியாகிவிட்டது. தரைக்கு மாபிள் போட்டாயிற்று. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய்வந்தாயிற்று. மகன் டொக்டர். மிச்சமிருப்பது பரம்பரை ஒன்றுதான். அதுவும் கையில் இருந்தால் மாப்பிள்ளைக்கு விலை இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஆகவே குடும்ப ஒன்றுகூடல் நடக்கிறது. மண்டபம் எடுத்து, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீசேட் அடித்து, சஹன் சஹனாகப் புரியாணி இறக்கி, மேடைக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு பெனர் கட்டுகிறார்கள். பெனரில் ஒரு மரம். மரத்தின் அடியில் யெமனிலிருந்தோ பக்தாதிலிருந்தோ பாய்க்கப்பலில் வந்திறங்கிய பெரியார். அவருக்கு மேலே மகன், மகனுக்கு மேலே மகன், கிளைக்குக் கிளை லெவ்வை, மரைக்கார், ஆலிம், ஹாஜியார். கழுத்து நோகும்வரை அண்ணாந்து தேடினாலும் ஒரு பெண்ணின் பெயர் கிடையாது. ஏழு தலைமுறையாக ஆண்களே ஆண்களைப் பெற்றுப் போட்டிருக்கிறார்கள். இந்த அதிசயத்தை உலக மருத்துவம் இன்னும் கண்டுகொள்ளாதது எங்கள் துரதிர்ஷ்டம். ஊர் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வாட்டை என்ன காரணத்துக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை.

அப்படியொரு ஒன்றுகூடலில், பெனரை வடிவமைத்த பெருமையோடு நின்ற ஒரு சாச்சாவிடம் கேட்டேன்: "பொம்புளைகள் எங்க சாச்சா?"

"பின் மண்டபத்தில சாப்பிடுறாங்க புள்ள."

"மரத்தில கேட்டேன்."

"மரத்திலயா?" என்று யோசித்தார். "பொம்புளைகள்ட பேர எல்லாரும் பாக்கிற இடத்தில போடுறது அழகில்லதானே."

அழகு என்றால் அழகுதான். பாய்க்கப்பலில் வந்த அரபி தன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்ததாக எந்தக் குடும்பக் கதையும் சொல்வதில்லை. வியாபாரத்துக்கு வந்தார், காற்றுத் திரும்பும்வரை கரையில் தங்கினார், இங்கேயே ஒருத்தியைக் கலியாணம் முடித்தார். இன்றைக்கு நாங்கள் பேசும் தமிழ், பிள்ளையை ஆட்டும் தாலாட்டு, ஆக்கும் ஆணம் எல்லாம் அவள் தந்தவை. அவர் மார்க்கத்தைத் தந்தார். அதற்கு ஆயிரம் நன்றி. அந்த மார்க்கத்தின் முதல் கலிமாவை மடியில் வைத்துப் பிள்ளையின் நாக்கில் ஏற்றியவள் யார் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. பெனரில் அவருக்குத் தாடியும் தலைப்பாகையும் வைத்துப் படம் கீறியிருக்கிறார்கள். அவளுக்கு ஒரு கோடு கூட இல்லை.

இந்தப் பழக்கத்தை எங்கள் சாச்சாமார் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பெரிய மனிதர்களிடமிருந்துதான் கற்றார்கள். இலங்கைச் சோனகரின் மூதாதையர் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்குத் தப்பி எட்டாம் நூற்றாண்டில் வந்த ஹாஷிம் குலத்தார் என்று 1827இல் எழுதிவைத்தவர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன், ஆங்கிலேய நீதியரசர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுந்து, இவர்கள் இனத்தால் தமிழரே என்று ஒரு நீண்ட கட்டுரை வாசித்தார். மறு வருஷம் சட்டநிரூபண சபையில் சோனகருக்கு ஒரு தனி ஆசனம் வரவிருந்ததற்கும் அந்த ஆராய்ச்சி ஆர்வத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதி எங்களை மீண்டும் அரேபியாவில் கொண்டுபோய் நட்டார். ஒருவர் எங்களுக்கு இந்தக் கரையில் வாப்பா தேடித் தந்தார், மற்றவர் அந்தக் கரையில் தேடித் தந்தார். உம்மா யார் என்ற கேள்வி யாருக்கும் அவசரமாக இல்லை.

பறங்கியர் இதில் எங்களை விடக் கெட்டிக்காரர். 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் அமைத்தார்கள். ஒல்லாந்தக் கொம்பனிக்கு வேலை செய்த ஐரோப்பியனின் ஆண்வழி வாரிசு என்று காட்டினால்தான் உள்ளே இடம். வம்சாவளிகளைத் தங்கள் சஞ்சிகையிலேயே தொடர்ந்து அச்சடித்தார்கள். சங்கத்தைத் தொடக்கியவர் ஆர். ஜி. அந்தோனிஸ், அரசாங்கச் சுவடிக்காப்பாளர். பரம்பரைக்குச் சான்று கேட்கும் சங்கத்தைத் தொடக்கியவரிடமே நாட்டின் பழைய பதிவேட்டு அறையின் திறப்பும் இருந்தது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால் அவர்களுக்காவது அப்பன்வழி என்பது ஊர்ப் பழக்கம். எங்களுக்கு அதுவும் இல்லை. மட்டக்களப்புத் தொடக்கம் அக்கரைப்பற்று தாண்டி, இந்தக் கரையில் தமிழருக்கும் சோனகருக்கும் குடி உம்மாவழிதான். "நீங்க என்ன குடி?" என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்லவேண்டும். வாப்பாவின் குடி வாப்பாவோடு நின்றுவிடும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். அவள் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்கார் என்றுதான் ஆள் எடுத்தார்கள். அதாவது, அந்தக் கதிரைக்கு உரிமை உம்மாவால் வந்தது, அதில் உட்கார்ந்தது தாடி. உம்மாவின் குடியைச் சொல்லிப் பள்ளிவாசலுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு உம்மாவின் பெயரை எழுதுவது அழகில்லை என்கிறார்கள்.

இந்தக் குடிமுறையை வெள்ளைக்காரர் ஒருவர் வந்து எழுதிவைக்க வேண்டியிருந்தது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, வயசான ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 2008இல் அது பெரிய புத்தகமாகவும் வந்தது. எங்கள் பிள்ளைகள் தங்கள் குடியின் பெயரை அறிய கொலராடோப் பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் போகவேண்டும். பெனர் அடிக்கும் பிரிண்டர்ஸ்காரரிடம் போனால் யெமன் கிடைக்கும்.

என் உம்மாவிடம் ஒரு உறுதி இருக்கிறது. பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறா. காணியைக் கைமாற்றுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே சீதனம் கொடுத்த ஒவ்வொரு உம்மாவும் ஒரு கடதாசியை விட்டுப் போயிருக்கிறாள். எங்களுடையதில் கொடுப்பவர் உம்மா, பெறுபவர் மகள், காரணம் அன்பும் ஆதரவும். வடக்கெல்லையில் உம்மம்மாவின் தங்கச்சி வளவு, தெற்கெல்லையில் பெரியம்மாவின் மகள் வளவு, கிழக்கெல்லையில் கடற்கரை. நாலு எல்லையில் இரண்டைத் தேடினாலே ஒரு குடியின் பாதிச் சரித்திரம் வந்துவிடும். கீழே கையெழுத்துக்குப் பதிலாக நீல மையில் ஒரு பெருவிரல். ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது. விரலின் நடுவில் வெட்டுக்காயத் தழும்பு குறுக்கே ஓடுகிறது. தேங்காய் உரித்ததோ மீன் வெட்டியதோ, எழுதத் தெரியாத அந்த மனுசி தன் உடம்பிலிருந்தே ஒரு அடையாளத்தைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறா. யெமன் பெரியாரின் மரத்துக்கு இப்படி ஒரு சாட்சி கொண்டுவரச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்த விரலுக்கு உரியவ பிறந்தது எப்போது என்று அறியப் பழைய பதிவேடுகள் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் ஒரே வாப்பாவின் பிள்ளைகள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான், அதற்கு முன் நாங்கள் மட்டக்களப்பு மாவட்டம். இங்கே கேட்டால் அங்கே என்பதற்கும், அங்கே கேட்டால் இங்கே என்பதற்கும் இதைவிட நல்ல காரணம் எந்த உத்தியோகத்தருக்கும் வாய்க்காது.

"வாப்பாட பேர்?" என்றார் இருந்த தம்பி.

"அது சரியாத் தெரியா. உம்மாட பேர் தெரியும்."

"உம்மாட பேர வச்சித் தேட ஏலா ராத்தா. படிவத்தில வாப்பாட பேருக்குத்தான் கட்டம் இரிக்கி."

"வாப்பா மவுத்தான பிறகு பிறந்த பிள்ளை எண்டா?"

"அவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கும்தானே."

ஒருவாறு பதிவேடு வெளியே வந்தது. கரையான் அரித்த புத்தகம். ஆண், பெண், வாப்பா, மகள் என்று பார்க்காமல் எல்லாப் பெயரையும் சரிசமமாகத் தின்றிருந்தது. அந்தக் கட்டடத்தில் பாகுபாடு காட்டாத ஒரே சீவன்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இந்த நாட்டுக்கு வந்தது 1867இல். சட்டம் வந்தது, எங்கள் கரைவாகுப்பற்றுக் கிழவிகளிடம் அது வந்து சேர்வதற்கு இன்னும் எத்தனையோ காலம் எடுத்தது. பதிவே இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பின்னாளில் உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்தது. என்ன அருமையான ஏற்பாடு! எங்கள் மூத்த பெண்கள் உத்தேசமாகப் பிறந்து, உத்தேசமாக வாழ்ந்து, பிள்ளைகளை மட்டும் உத்தேசமில்லாமல் பெற்றார்கள். ஆண்களுக்கு வேறு விதமான தொல்லை. மூத்தாப்பா ஒருவர்தான், கடதாசியில் அவர் மீராலெவ்வை, மீராலெப்பை, மீரான்லெப்பே என்று மூன்று பேராக உலாவுகிறார். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் காரியம் ஆகும். பெண்ணுக்கு ஒரு பெயராவது ஏறியிருந்தால்தானே சத்தியம் செய்வதற்கு.

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வாப்பா இருக்கிறார். உம்மா இருக்கிறா, அதுவும் தன் வாப்பாவின் பெயரை முன்னால் சுமந்துகொண்டு. பிறகு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த வருஷம், இடம். அதற்கும் பிறகு, வாப்பா வெளியே பிறந்து பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் பூட்டனாரின் விபரம். இப்படி மூன்று தலைமுறை ஆண்களுக்குப் பாய் விரித்த படிவத்தில் உம்மம்மாவுக்கு ஒரு கட்டம் இல்லை. அரசாங்கத்துக்கு வம்ச வரலாற்றில் திடீரென்று ஆசை பிறந்ததாக நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனையும் பாட்டனையும் பூட்டனையும் கேட்டது. தேயிலைத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்க விரித்த வலை அது. வலையின் கண்ணிகள் அப்படியே பிறப்புப் படிவத்தின் கட்டங்களாயின. தாயின் வழியாகவும் இந்நாட்டவராகலாம் என்று சட்டம் ஒத்துக்கொள்ள 2003 ஆனது. அதுவரை, பெற்றவள் இலங்கையின் எந்த மண்ணில் கிடந்து பெற்றாலும், பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்பதைத் தீர்மானித்தவர் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்.

இதையெல்லாம் செய்தது அரசாங்கம், நாங்கள் அப்பாவிகள் என்று கையைக் கழுவ ஆசைதான். முடியவில்லை. எங்கள் கலியாணப் பதிவேடு எங்களுடைய சொந்தக் கைவேலை.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தது. அதன்படி நிக்காஹ் பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்து வைப்பார். பெண்ணின் பொறுப்பாளரான வலி கையெழுத்து வைப்பார். நிக்காஹ் நடத்தியவர் வைப்பார். யாருக்குக் கலியாணமோ அவள் வைக்கத் தேவையில்லை. கைக்கூலி எவ்வளவு, மஹர் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு ஏறும். சம்மதம் என்ற ஒன்று அவளிடம் இருந்ததா என்பதற்கு அவள் கையால் ஒரு சுழிகூட ஏறாது. பின்னாளில் தன் உம்மம்மாவைத் தேடிவரும் ஒரு பேத்தி இந்தப் பதிவேட்டைத் திறந்தால், இரண்டு குடும்பத்து ஆண்கள் ஒருவரையொருவர் கலியாணம் முடித்துக்கொண்டதாகத்தான் எண்ணவேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முடிப்பதென்றால் காதியாரிடம் அனுமதி எடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டு நிரம்பிவிட்டால் அதுவும் வேண்டாம். இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்கு ஒரு பேனையை அவள் பக்கம் நீட்டத் தோன்றவில்லை.

திருத்தத்தான் வேண்டும் என்று 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். ஒன்பது வருஷம். அதுவும் குழு இரண்டாகப் பிளந்து, இரண்டு வாயால் பேசியது. குழு தொடங்கியபோது பிறந்த பிள்ளை அறிக்கை வரும்போது நாலாம் வகுப்பில் இருந்தாள், தன் பெயரை மூன்று மொழியில் எழுதக் கற்றிருப்பாள். இதை எழுதும்போதும் சட்டத்தில் அவள் கையெழுத்துக்கு இடம் வந்து சேரவில்லை. மணமகள் கையெழுத்து வைத்தால் மார்க்கம் என்னாகும் என்று கவலைப்படும் உலமாக்களை நான் அறிவேன். அவர்களின் கவலை உண்மையானது. பெண் எழுதத் தொடங்கினால், அடுத்து வாசிக்கவும் தொடங்குவாள்.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மிச்சமான வீடுகளில் அலுமாரி இல்லை, அலுமாரி இருந்த வீட்டில் கடதாசி இல்லை. உறுதி, அடையாள அட்டை, கலியாணக் கடுத்தப் புத்தகம் எல்லாம் உப்பில் ஊறிக் கூழாயின. இழந்தவர்கள் அழுவதற்கே நேரமில்லாமல் நிரூபிக்கத் தொடங்கினார்கள். கடலோரத்தில் கட்டக்கூடாது என்று தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தடைவலயம் போட்டார்கள். அலைக்கும் ஆளைப் பார்த்து நடக்கத் தெரியும் போலும். எங்கள் ஊரில் 200 மீற்றர் என்றால் ஊரில் எத்தனை தெரு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

போன வீடுகள் பெண்களின் சீதன வீடுகள். வந்த வீடுகளுக்கான படிவத்தில் கேட்கப்பட்டவர் குடும்பத் தலைவர். சட்டப் புத்தகத்தில் அப்படியொரு ஆள் கிடையாது, கந்தோர் வழக்கத்தில் மட்டும் இருக்கிறார், எப்போதும் மீசையோடு இருக்கிறார். உம்மாவும் உம்மம்மாவும் கொடுத்த வளவைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், கடல் கொடுத்த புதிய வீட்டில் தன் புருஷனின் குடியிருப்பாளரானாள். பெண்கள் அமைப்புகள் அன்றைக்கே கத்தின. கேட்க வேண்டியவர்கள் கூடாரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முந்தியெல்லாம் தலாக் சொன்ன மனுஷன் சாரத்தையும் சவர்க்காரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலால் இறங்குவார். இப்போது இறங்குபவள் அவள். நாலு தலைமுறை நொத்தாரிசுமார் எழுதிக் காத்த வழக்கத்தை, நிவாரணப் படிவத்தின் ஒற்றைக் கட்டம் ஒரு வருஷத்தில் புரட்டிப் போட்டது. எங்கள் பெரியவர்கள் அதை எதிர்த்து ஒரு மகஜர் எழுதியிருக்கலாம். மகஜர் எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஊர் எல்லைக்கு எழுதுகிறோம், பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறோம், சந்தைக் கடைக்கு எழுதுகிறோம்.

வம்சத்தின் வேர் அரேபியாவில் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கிழக்கிலிருந்து வேரைத் தேடி அங்கே போகிறவர்களில் ஏராளமானோர் பெண்கள். கழுவவும், துடைக்கவும், பிள்ளை பார்க்கவும் போகிறார்கள். மூதூரிலிருந்து அப்படிப் போனவள் ரிஸானா நபீக். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி அவள் பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி 2. ஆறு வருஷத்தை ஏஜென்சிக்காரன் ஒருவனின் பேனை கூட்டிப் போட்டது. 2005 மே மாதம் சவூதியில் அவள் கையில் இருந்த பச்சைப் பிள்ளை இறந்தபோது அவளுக்கு வயது பதினேழு, கடதாசியில் இருபத்துமூன்று. அதைக் கொலை என்று விசாரித்த அங்குள்ள நீதிமன்றம் கடவுச்சீட்டைப் பார்த்தது. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். ஒரு ஏழை வீட்டுப் பெண்பிள்ளை எப்போது பிறந்தாள் என்பது எங்கள் நாட்டில் அவ்வளவு எளிதாகத் திருத்தக்கூடிய விஷயமாக இருந்தது. அதே நாட்டில் என் மூத்தாப்பாவின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கிராம சேவகர் என்று எத்தனை படி ஏறவேண்டும். அவளுக்கு எந்தக் குடும்பமும் பெனர் அடிக்கவில்லை. யெமன்காரரின் மரத்தில் தூங்கும் ஹாஜியார்மாரில் ஒருவரும் ஏஜென்சிக்காரனின் மரத்தைத் தேடிப் போகவில்லை.

அடுத்த ஒன்றுகூடலுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். வாழ்த்துரை ஒன்று எழுதித் தரச்சொல்லி அதே சாச்சா ஆள் அனுப்பியிருக்கிறார், பெண்களுக்கும் பங்கு கொடுத்ததாக இருக்கட்டும் என்று. எழுதிக் கொடுப்பேன். உறுதியில் உள்ள பெருவிரலைப் படம் பிடித்து அட்டையில் போடவேண்டும் என்பது நிபந்தனை. போடாவிட்டால், மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சில கேள்விகள் கேட்பேன். மகளின் நகையை வங்கியில் அடகு வைக்கும்போது அவளிடம் எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினீர்கள்? நுண்கடன்காரன் வந்தபோது உங்கள் பெயரைக் கொடுத்தீர்களா, உங்கள் பெண்சாதியின் பெயரைக் கொடுத்தீர்களா? சீதன வளவை விற்று மாடிக்குக் கொங்கிறீட் போட்டபோது உறுதியில் யார் ஒப்பமிட்டது? சவூதிக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் யாருடைய கை இருக்கிறது? இத்தனைக்கும் அவள் கையெழுத்து ஹலாலாக இருந்தது. நிக்காஹ் பதிவேட்டை அவள் முன்னால் வைக்கும்போது மட்டும் உங்கள் பேனையில் ஏன் மை தீர்ந்துபோகிறது சாச்சா?